கட்டடம் கேட்பதற்கு முன்னால் பத்துக் குடும்பங்களிடம் பேசுங்கள்

தொலைவில் கிடக்கும் ஊர்களுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது கட்டடம்தான். கட்டடம் வந்துவிடும். ஆனால் தங்கி வேலை பார்க்க ஆள் இல்லையென்றால் கதவில் பூட்டுதான் தொங்கும். அதனால் முதல் வேலை, நோயாளியின் நேரம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பது.

1994-இல் தடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் பிரசவ மரணங்களுக்குப் பின்னால் இருக்கும் தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: போகலாமா என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். பிரசவத்துக்கு மட்டுமல்ல, பாம்புக்கடி, குழந்தையின் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

போன வருடம் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போன பத்துக் குடும்பங்களைத் தேடிப் போய் உட்கார்ந்து பேசுங்கள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, போகலாம் என்று சொன்னது யார், வண்டி எப்போது வந்தது, டாக்டர் எப்போது தொட்டுப் பார்த்தார் என்று ஒவ்வொன்றையும் மணியோடு நோட்டில் எழுதுங்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிர் போய்விடும், அதனால் "விடியட்டும், பார்க்கலாம்" என்ற ஒரு வரி அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் பிரச்சினை ரோடு இல்லை, முடிவெடுப்பது.

அதற்கு மருந்து, உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஓர் ஆள். ஏற்கெனவே ஊர்க்காரர்கள் போய் யோசனை கேட்கும் பெண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், படிப்பு அப்புறம். மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் 1970-இல் ஆரோலே என்ற டாக்டர் தம்பதி இதைத்தான் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட அங்கே சுகாதாரப் பணியாளர்களானார்கள். அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தையை வீட்டிலேயே கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், மூன்றாவது ஆண்டில் அங்கே பச்சிளங்குழந்தை மரணம் சுமார் 62 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்துக் கொடுப்பது, கூடவே 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை, இவ்வளவுதான் பல வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்குத் தேவை. அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். சேவை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்குவது அநியாயம், நீடிக்கவும் செய்யாது.

போக்குவரத்துக்கு ஆம்புலன்ஸை மட்டும் நம்பாதீர்கள். ஊரில் யார் யாரிடம் வண்டி இருக்கிறது, ராத்திரி யார் வருவார், டீசல் காசு யார் தருவார் என்று முன்கூட்டியே பேசி முடித்து, போன் நம்பர்களைச் சுவரில் எழுதிவையுங்கள். மழையில் பாதை அறுந்துபோகும் இடமென்றால், பிரசவ தேதிக்குச் சில வாரம் முன்பே கர்ப்பிணி வந்து தங்க ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை வேண்டும்.

வீடியோவில் டாக்டரைக் காட்டினால் போதும் என்று சொல்வார்கள். நோயாளிக்குத் திரையில் டாக்டரைக் காட்டுவதைவிட, அங்கேயே இருக்கும் மருத்துவருக்கும் நர்ஸுக்கும் சிறப்பு மருத்துவர் வாராவாரம் சொல்லிக்கொடுப்பது நிலைக்கும் என்பது என் எண்ணம். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003-இல் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்கு இப்படித்தான் ஆரம்பித்தார். 2011-இல் வந்த ஆய்வில், கிராமத்து மையங்களின் சிகிச்சைப் பலன் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சமமாக இருந்தது.

ஊர் சுகாதார மையத்துக்குள் போனால் முதலில் தடுப்பூசி ஃபிரிட்ஜைத் திறந்து தெர்மாமீட்டரைப் பாருங்கள், 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஹெபடைடிஸ் பி மாதிரி ஊசி மருந்து உறைந்தாலும் கெட்டுவிடும், உருகிய பிறகு மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது.

அப்புறம், டாக்டர் வரும் கிழமையை மாற்றாதீர்கள். செவ்வாய் என்றால் செவ்வாய்தான். வர முடியாது என்றால் திங்கள் சாயங்காலமே அந்த ஊர்ப் பெண்ணுக்குப் போன் போக வேண்டும், ஏனென்றால் அதற்குள் யாராவது ஒருவர் மறுநாள் கூலியை விட்டுவிட்டுக் கிளம்பத் தயாராகியிருப்பார்.