அடியில் அக்ரிலிக், மேலே ஆயில்: ஒரு வெள்ளைக் கோப்பையிலிருந்து தொடங்குவோம்

ஓவிய வகுப்பில் சேர்கிறவர்கள் வந்ததும் கேட்பது, "அக்ரிலிக்கில் தொடங்கட்டுமா, ஆயிலில் தொடங்கட்டுமா?" என்பதுதான். இரண்டையும் ஒரே படத்தில் தொடங்குங்கள் என்று சொல்வேன். அடித்தளத்தைத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டில் போட்டு அதன்மேல் எண்ணெய் கலந்த ஆயில் பெயிண்ட் தீட்டினால், இரண்டின் குணமும் கைக்கே பழகிவிடும்.

வரிசை மட்டும் மாறவே கூடாது. காய்ந்த அக்ரிலிக் மேல் ஆயில் தீட்டலாம். ஆயில் மேல் அக்ரிலிக் தீட்டினால் அது சரியாக ஒட்டாது, நாளடைவில் உரிந்து வரும்.

பொருட்கள்

சுமார் 25 × 30 செ.மீ. அளவில் ஒரு கேன்வாஸ் போர்டு. அக்ரிலிக்கில் டைட்டானியம் ஒயிட் (வெள்ளை), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), அல்ட்ராமரீன் ப்ளூ (அடர்நீலம்). ஆயிலில் இதே மூன்றுடன் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீனையும் அம்பரையும் கலந்தாலே ஆழமான கறுப்பு கிடைத்துவிடும். நிறம் குறைவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பல உருவப்படங்களை வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு என்ற நான்கே நிறங்களை வைத்துத் தீட்டியவர். டியூப் வாங்கும்போது அதன் பின்புறம் பாருங்கள். ஒரே ஒரு நிறமி எண் இருந்தால் (அல்ட்ராமரீனுக்கு பிபி 29) கலவை சேறாகாமல் தெளிவாக வரும்.

அக்ரிலிக்குக்கு நைலான் பிரஷ், ஆயிலுக்குப் பன்றி முடி பிரஷ், இரண்டிலும் தட்டை வடிவம். கூடவே ஒரு சிறிய உருண்டை பிரஷ், நிறம் கலக்கப் பேலட் நைஃப் என்ற தட்டைக் கத்தி, பழைய துணி.

முதல் வகுப்பு: அக்ரிலிக்

சாம்பல் நிறத் துணியின் மேல் வெள்ளைக் கோப்பை ஒன்றை வையுங்கள். பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு போதும்.

கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை ஒரு கோட் அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அப்புறம் அம்பரைத் தண்ணீரில் கரைத்து முழுப் பரப்பிலும் மெல்லியதாகப் பூசிவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும். பழுப்புப் பரப்பில் அந்த ஏமாற்றம் இல்லை.

அது காய்ந்ததும் அம்பர் தொட்ட உருண்டை பிரஷ்ஷால் கோப்பையின் வெளிக்கோட்டைப் போடுங்கள். இப்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, எங்கே இருட்டு, எங்கே நடுத்தரம், எங்கே வெளிச்சம் என்ற மூன்று துண்டுகள் மட்டும் தெரியும். அந்த மூன்றையும் பேலட்டில் முன்கூட்டியே கலந்து வைத்துக்கொண்டு தீட்டுங்கள்.

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். நான் முதன்முதலில் கோப்பை தீட்டியபோது அது வெள்ளைதானே என்று முழுவதையும் வெள்ளையாகவே தீட்டினேன். படம் காகிதத்தை வெட்டி ஒட்டியது போல இருந்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. சாம்பல் அட்டை ஒன்றில் நக அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கோப்பையின் நிழல் பக்கத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். பார்த்தால் அங்கே வெள்ளையே இல்லை. விளக்கு வெளிச்சம் விழுந்த சாம்பல் துணியைவிட அது இருண்டிருந்தது. பொருளின் பெயரை மறந்துவிட்டு கண்ணுக்கு எதிரில் இருக்கும் நிறத்தைப் பார்ப்பது என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் புரிந்தது. நீங்களும் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அக்ரிலிக் காயக் காய கொஞ்சம் இருண்டுவிடும். நிறத்தைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தில் பால் போல வெளுத்திருந்து, காய்ந்ததும் கண்ணாடி போல ஆகிவிடுவதுதான் காரணம். அதனால் கண்ணுக்குச் சரியாகப்படுவதைவிடச் சற்று வெளிறலாகவே கலந்துகொள்ளுங்கள். தண்ணீரை அதிகம் ஊற்றினால் பசை நீர்த்துப்போய்ப் பிடிப்பு குறையும். பளபளப்பு தரும் மீடியம் (பெயிண்டில் கலக்கும் திரவம்) எதையும் சேர்க்காதீர்கள். ஆயில் பிடிப்பதற்குச் சொரசொரப்பான பரப்பு வேண்டும். பிரஷ்ஷைக் கையில் எடுக்காத நேரமெல்லாம் அதன் முடி தண்ணீரில் நனைந்தே இருக்கட்டும். அக்ரிலிக் முடியிலேயே காய்ந்துவிட்டால் அந்த பிரஷ் பெரும்பாலும் தேறாது.

சரி, இன்றைக்கு இவ்வளவுதான். அடுத்த வாரம் வரை காயட்டும்.

இரண்டாம் வகுப்பு: ஆயில்

ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆயில் பெயிண்டை இளக்கும் டர்பென்டைனின் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல.

ஆயில் பெயிண்ட், தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை. அதில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. அதனால் வைத்த நிறத்தை மணிக்கணக்கில் நகர்த்தலாம், துடைக்கலாம், மறுபடியும் வைக்கலாம்.

முதல் பூச்சுக்குப் பெயிண்டில் சில சொட்டு டர்பென்டைன் மட்டும் கலந்து மெல்லியதாகப் பூசுங்கள். அதற்குமேல் வரும் ஒவ்வொரு பூச்சிலும் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். கீழே எண்ணெய் மிகுந்து, மேலே குறைந்தால் மேல் பூச்சு முதலில் இறுகிவிடும். அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருப்பதால் பிறகு வெடிப்பு விழும்.

நிழலிலிருந்து தொடங்குங்கள். விளக்கு மஞ்சள் ஒளி தந்தால் நிழலில் நீலச்சாயல் தெரியும், அதையும் சேருங்கள். கோப்பையின் வளைவில் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் உலர்ந்த பிரஷ்ஷால் ஒருமுறை மெல்ல இழுத்தால் உருண்டை உருவம் எழும்பி வரும். எனக்கு இன்றும் மிகப் பிடித்த கணம் அதுதான். விளிம்பில் மின்னும் வெள்ளைப் புள்ளியைக் கடைசியில் ஒரே தொடுதலில் வைத்துவிட்டு கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தீற்றலுக்குப் பிறகும் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தால் நிறம் கலங்காது.

வேலை முடிந்ததும்

எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். பயன்படுத்திய டர்பென்டைனைத் தொட்டியில் கொட்டாமல் ஒரு ஜாடியில் தெளியவிட்டால் மேலே நிற்பதை மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, டர்பென்டைனில் அலசி, கடைசியாக சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தொட்டால் ஒட்டாத அளவுக்குப் படம் காயச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். அம்பர் பூசிய இடம் முன்னதாகவும் வெள்ளை பூசிய இடம் தாமதமாகவும் காய்ந்தால் கவலை வேண்டாம். வழக்கமான வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள். அதுவரை படத்தை அலமாரிக்குள் வைக்காமல் வெளிச்சமுள்ள அறையில் மாட்டி வையுங்கள். ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பெருமளவு தெளிந்துவிடும்.