"இந்தப் படத்துக்கு மட்டும் சம்பளம் இல்ல தம்பி" என்று கேட்டால்

போன் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். "தம்பி, கதை சூப்பர். பட்ஜெட்தான் டைட்டு. இதுல கைகொடு, அடுத்த படத்துல சேர்த்துப் பார்த்துக்கலாம்." கேட்பவர் தெரிந்தவராக இருப்பார், மறுக்கக் கூச்சமாக இருக்கும். அந்த போனிலேயே சரி என்றும் சொல்ல வேண்டாம், முடியாது என்றும் சொல்ல வேண்டாம். "ஸ்கிரிப்டும் ஷெட்யூலும் அனுப்புங்க சார், பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" போதும். வாயால் சொன்ன "சரி"யைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

மறுநாள் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, கேமரா யாருடையது என்பது. வாடகைக் கேமரா என்றால் அதற்குப் பணம் போகிறது. லைட், ஜெனரேட்டர் டீசல், லொக்கேஷன், சாப்பாடு எல்லாவற்றுக்கும் போகிறது. அங்கே பட்ஜெட் இருக்கிறது. உங்கள் பெயருக்கு எதிரே மட்டும் தொகை எழுதவில்லை. இயக்குநர் உட்பட யாருமே காசு வாங்காத, நண்பர் கேமராவில் எடுக்கிற மாணவர் குறும்படம் வேறு. அதில் ஓசியில் வேலை செய்வது தப்பே இல்லை, கற்றுக்கொள்ளவும் நல்ல இடம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் ஆபத்து.

அடுத்து, உங்கள் கையிலிருந்து என்ன போகிறது என்று கணக்குப் போடுங்கள். எடிட்டர் ஒருவருக்கு 20 நிமிடக் குறும்படம் வருகிறது, ஃபுட்டேஜ் 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 4கே ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ (எடிட்டிங்குக்கான உயர்தர வீடியோ ஃபார்மட்), நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் மணிக்கு 300 ஜிபிக்கு மேல்; மொத்தம் ஏறக்குறைய 2 டிபி. பேக்கப்போடு சேர்த்து இரண்டு ஹார்ட் டிஸ்க் வேண்டும். அதை யார் வாங்குவது? படத்தோடு ஒலியைப் பொருத்தி (சிங்க்) பிரித்து வைக்க 2 நாள், ரஃப் கட் எனும் முதல் தொகுப்பு 4 நாள், கரெக்‌ஷன் 3 நாள், அவுட்புட் 1 நாள். "ரெண்டு நாள் வேலைதான்" என்று சொன்னது 10 நாளாகிவிட்டது. பெரும்பாலும் ஆளைச் சாப்பிடுவது கரெக்‌ஷன்தான். எத்தனை முறை என்று பேசாமல் உட்கார்ந்தால் அது எட்டாவது முறையிலும் முடியாது.

இலவசமாகச் செய்வதென்று முடிவெடுத்தாலும் அதன் அளவை நீங்களே எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும்:

"வணக்கம் சார். நேத்து பேசினபடி: 20 நிமிஷப் படம், எடிட்டிங் மட்டும். சம்பளம் வேண்டாம். ஹார்ட் டிஸ்க் 2, போக்குவரத்து உங்க செலவு. ரஃப் கட்டுக்கு அப்புறம் 2 கரெக்‌ஷன். அதுக்கு மேல ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய். டைட்டில்ல 'படத்தொகுப்பு'ன்னு தனி கார்டு. படம் விற்பனையானாலோ ஓடிடியில போனாலோ இத்தனை ரூபாய். சரின்னா 'ஓகே'ன்னு ஒரு பதில் போடுங்க சார்."

கடைசி வரிதான் முக்கியம். பதில் வரும் வரை டிஸ்க்கைக் கையில் வாங்காதீர்கள். விற்பனை பற்றிய வரியில் தொகை இருக்கட்டும். "லாபத்தில் பங்கு" என்று எழுதினால் லாபம் வந்ததா என்பதை அவர்கள் கணக்குதான் தீர்மானிக்கும்.

சம்பளம் உண்டு, ஆனால் "அப்புறம்" என்றால், உங்கள் பிடி எதில் இருக்கிறது என்று பாருங்கள். எடிட்டர், கிராஃபிக்ஸ், சவுண்ட் ஆட்களுக்கு அது முழுத்தர அவுட்புட்டிலும் ப்ராஜெக்ட் ஃபைலிலும் இருக்கிறது. பார்வைக்கு அனுப்புவது குறைந்த தரத்தில், டைம்கோடும் (ஓடும் நேர எண்) வாட்டர்மார்க்கும் ஓடுகிற காப்பியாக இருக்கட்டும். பாக்கி வந்த பிறகே மாஸ்டர், அதாவது முழுத்தரக் காப்பி என்பதை முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள். கடைசியில் சொன்னால் மிரட்டுவதாக ஆகிவிடும். ஒரிஜினல் ஃபுட்டேஜ் அவர்களுடையது, அதைப் பிடித்துவைக்கக் கூடாது.

எழுத்தாளரின் பிடி கையெழுத்து. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாறுவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். கதை உங்களுடையது என்று காட்ட, கதை டிஸ்கஷனில் உட்காரும் முன் அதைத் தேதியோடு உங்கள் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பி வையுங்கள். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினர் என்றால் பதிவும் செய்துவிடுங்கள். பணம் வராமல் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பிடி போய்விடும்.

உதவி இயக்குநர்கள் நிலைதான் மனசை உறுத்துகிறது. டிஸ்கஷன் மாதக்கணக்கில் ஓடும், டீயும் சாப்பாடும்தான் கிடைக்கும். ஷூட்டிங்கில் பேட்டா (தினப்படி) வரும். டப்பிங்கில் அதுவும் நின்றுவிடும். கையில் வைத்துக்கொள்ள ஃபைல் எதுவும் கிடையாது. அதனால் தொகையைவிட அது எப்போது வரும் என்பதைப் பேசுங்கள். நாலு பங்காகப் பிரித்துக் கேட்கலாம்: டிஸ்கஷன் தொடங்கும்போது ஒன்று, முதல் ஷெட்யூலுக்கு முன் ஒன்று, ஷூட்டிங் முடியும்போது ஒன்று, சென்சாருக்குப் போகும் முன் ஒன்று. அறை வாடகையும் பெட்ரோலும் முதல் நாளிலிருந்தே. "ரிலீஸுக்குப் பிறகு" என்று எந்தப் பங்கையும் விடாதீர்கள். வெள்ளிக்கிழமை படம் வந்துவிட்டால் திங்கள்கிழமை உங்கள் போனை எடுக்க அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது.

டைட்டிலில் பெயரையும் சென்சார் காப்பி தயாராகும் முன்பே பாருங்கள். சான்றிதழ் வாங்கிய பிறகு படத்தில் மாற்றம் செய்தால் தணிக்கை வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஒரு பெயருக்காக யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். எழுத்துப்பிழையோடு சேர்த்துப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் வாங்கி வையுங்கள்.

பாக்கி நின்றுபோனால் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதை விற்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மெசேஜ் போன்ற மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் காட்ட அதற்கென ஒரு சான்றிதழ் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு எளிதாக மறுத்துவிடும். உறுப்பினர் என்றால் முதலில் உங்கள் சங்கத்தில் எழுத்தில் புகார், தேதியோடு. பிறகு வக்கீல் நோட்டீஸ். செய்த வேலைக்கான பணத்துக்கு வழக்குப் போட, பொதுவாக வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் அவகாசம். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச உதவி உண்டு. போகும்போது அந்த "ஓகே" வந்த மெசேஜ், செலவு ரசீதுகள், வேலை செய்த தேதிகளின் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.