ரோமானிய வளைவும் கால்வாயும்: குழுச் செயல்திட்டத்தை அளந்து செய்வது எப்படி

ரோமானியப் பொறியியல் என்று தலைப்பு கொடுத்ததும் பல குழுக்கள் தெர்மகோலில் கொலோசியத்தை வெட்டி, வண்ணம் பூசி நிறுத்திவிடுகின்றன. அதில் எடையைத் தாங்குவது பசைதான், வளைவு அல்ல. ரோமானியர்களின் உண்மையான திறமை இரண்டு இடங்களில் தெரியும்: பசையில்லாமல் கல்லை நிறுத்தியது, ஊர் தாண்டி வரும் தண்ணீருக்கு மட்டம் பிடித்தது. இரண்டையும் மேசையிலேயே செய்து அளந்து காட்டலாம். ஐந்து பேர், மூன்று வாரம் போதும்.

எடுத்துக்காட்டாகப் பிரான்சின் தெற்கில் உள்ள போன் து கார் பாலத்தை வைத்துக்கொள்ளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டியது. மூன்று அடுக்கு வளைவுகள், ஏறக்குறைய 49 மீட்டர் உயரம், மிகப் பெரிய வளைவின் அகலம் 24.5 மீட்டர். கீழ் அடுக்குகளின் கற்களுக்கு இடையே சாந்து கிடையாது.

வளைவு

அரைவட்ட வளைவு ஒன்றைப் பிளாஸ்டரில் வார்த்த கற்களால் கட்டப் போகிறோம். 9 கற்கள், ஒவ்வொன்றும் 20 பாகை. உள் ஆரம் 20 செ.மீ., வெளி ஆரம் 28 செ.மீ. அப்படியானால் ஒரு கல்லின் முகம் இப்படி வரும்: கீழ்ப்பக்கம் 6.95 செ.மீ., மேல்பக்கம் 9.72 செ.மீ., சாய்ந்த பக்கங்கள் இரண்டும் 8 செ.மீ. மூலைவிட்டம் இரண்டும் 11.5 செ.மீ. வந்தால்தான் கல்லை வார்க்கும் அச்சு சரி. ஆழம் 8 செ.மீ. எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அப்போதுதான் உச்சியில் ஒரு கல் வரும்.

கல்லின் தடிமனை அழகுக்காகக் குறைக்காதீர்கள். அரைவட்ட வளைவு தன் எடையைத் தானே தாங்கி நிற்க, தடிமன் சராசரி ஆரத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். இங்கே சராசரி ஆரம் 24, தடிமன் 8. மூன்றில் ஒரு பங்கு. கை வார்ப்பில் வரும் பிசகுகளுக்கு இந்தத் தாராளம் தேவை.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு கல்லுக்கு 550 கிராம், தண்ணீர் 340 மி.லி. உபரிக் கல் ஒன்றையும் சேர்த்தால் பத்துக் கல்லுக்கு 6 கிலோ வாங்குங்கள். ஒரே ஒரு பிளைவுட் அச்சு செய்து, அதிலேயே எல்லாக் கல்லையும் வார்க்க வேண்டும். இரண்டு அச்சு செய்தால் இரண்டு வகைக் கல் வரும். அச்சின் உட்புறம் வாசலின் தடவுங்கள். தூளைத் தண்ணீரில் தூவுங்கள், தண்ணீரைத் தூளில் ஊற்றினால் கட்டி தட்டும். ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் குமிழி புகுந்து விளிம்பு பொக்கையாகிவிடும். முக்கால் மணி நேரத்தில் அச்சைப் பிரிக்கலாம். பிறகு மூன்று நாள் நிழலில் காய வேண்டும், ஈரக் கல்லின் விளிம்பு நசுங்கும். இறுகும்போது சூடேறும் என்பதால் கையை உள்ளே விட்டுக் கலக்கக் கூடாது. மிச்சக் கலவையைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

வளைவு மூடும்வரை கற்களை அடியிலிருந்து தாங்கும் தற்காலிகச் சட்டமான சென்டரிங்கில்தான் பல குழுக்கள் தடுமாறுகின்றன. உள் ஆரம் 20 என்பதால் சென்டரிங்கையும் 20 செ.மீ. ஆரத்தில் வெட்டுவார்கள். ஆனால் நம் கல்லின் அடிப்பக்கம் தட்டையானது. அதன் நடுப்பகுதி மையத்திலிருந்து 19.7 செ.மீ. தூரத்தில்தான் இருக்கும். 20 செ.மீ. வெட்டினால் எல்லாக் கல்லும் 3 மி.மீ. மேலே தூக்கி, இடுக்கு விரிந்துவிடும். எனவே 19.5 செ.மீ. ஆரத்தில் இரண்டு அரைவட்டங்கள் வெட்டி, 6 செ.மீ. இடைவெளியில் இணைத்து, மேலே 2 மி.மீ. அட்டை ஒட்டுங்கள். அரைவட்டத்தின் அடியில் 1.5 செ.மீ. பட்டையை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதிரெதிராக மர ஆப்புகளைச் செருகுங்கள். ஆப்பைத் தட்டித் தளர்த்தினால் சென்டரிங் அதிராமல் இறங்கும். போன் து காரின் சுவரில் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள், கட்டும்போது சாரத்தையும் சென்டரிங்கையும் தாங்கியவை. மாணவர்கள் அதை அலங்காரம் என்று எழுதிவிடுவதுண்டு.

அடிப்பலகை 120 × 30 செ.மீ., 18 மி.மீ. பிளைவுட். இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு கல்லாக ஏற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முடித்தால் சென்டரிங் நகரும். கடைசியில் உச்சிக்கல். இறங்கவில்லை என்றால் தட்டாதீர்கள்: ஒரு கல்லுக்கு அரை மி.மீ. கூடினாலே ஒன்பதுக்கு 4.5 மி.மீ. ஆகிவிடும், பக்கங்களை உப்புத்தாளில் தேயுங்கள். தளர்வாக இருந்தால் அட்டைத் துண்டு செருகுங்கள். உச்சிக்கல்தான் வளைவையே தாங்குகிறது என்று அறிக்கையில் எழுத வேண்டாம். கடைசியாக வைப்பது மட்டுமே அதன் சிறப்பு. எந்தக் கல்லை உருவினாலும் வளைவு விழும்.

இப்போது சோதனை. சொரசொரப்பான பலகையில் இந்த வளைவு பக்கத்தாங்கல் இல்லாமலே தன் எடைக்கு நின்றுவிடும், அதைக் கண்டு ஏமாறக் கூடாது. உச்சியில் மணல் பையை அரை அரை கிலோவாக ஏற்றுங்கள். எடை கூடக் கூட அடிக்கற்கள் வெளியே தள்ளப்படும். எந்த எடையில் நகர ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொண்டு, பக்கத்துக்கு இரண்டு செங்கலை அடிக்கல்லோடு நெருக்கி வைத்து மீண்டும் ஏற்றுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் திட்டத்தின் முதல் முடிவு. அடிக்கல் விலகும்போது விரிசலைக் கவனியுங்கள்: உச்சியருகே இடுக்கு அடிப்பக்கம் திறக்கும், உச்சிக்கும் அடிக்கும் இடையிலுள்ள தோள் பகுதியில் வெளிப்பக்கம் திறக்கும். கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் எடுத்தால் தெளிவாகத் தெரியும். காலுக்குச் செருப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம், 5 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

கால்வாய்

நீம் கால்வாயின் நீளம் சுமார் 50 கி.மீ., மொத்தச் சரிவு 12.6 மீட்டர்தான். ஒரு கிலோமீட்டருக்கு 25 செ.மீ. இதை 3 மீட்டர் மாதிரியில் அப்படியே காட்டினால் சரிவு முக்கால் மி.மீ. வரும்; குழாயின் வளைவே அதைவிட அதிகம் இருக்கும். ஆகவே 1:100 சரிவு வைத்து, உண்மையை விட 40 மடங்கு மிகைப்படுத்தியிருக்கிறோம் என்று வரைபடத்தில் பெரிதாக எழுதுங்கள். அந்த முக்கால் மி.மீ. கணக்கையும் பக்கத்திலேயே போடுங்கள், ரோமானியர்களின் மட்டம் எவ்வளவு துல்லியம் என்பதை வேறெதுவும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

75 மி.மீ. பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 50 செ.மீ. இடைவெளியில் ஏழு தாங்கிகள் வையுங்கள்: 13 செ.மீ. உயரத்தில் தொடங்கி, 12.5, 12 என்று இறங்கி 10-இல் முடிய வேண்டும். மேசை மட்டமில்லை என்றால் இந்தக் கணக்கு வீண். முதலில் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) மேசையைச் சரிபாருங்கள்.

ரோமானியர்களின் கருவியையும் செய்யலாம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விவரிக்கும் கோரோபேட்டஸ் என்ற மட்டக் கருவி 20 ரோமானிய அடி, அதாவது ஏறக்குறைய 5.9 மீட்டர் நீளப் பலகை. கால்கள் இருக்கும், தூக்குக்குண்டுகள் தொங்கும். காற்றில் குண்டு ஆடினால் பார்க்க மேலே தண்ணீர்ப் பள்ளம் உண்டு. உங்களுக்கு 1.2 மீட்டர் பலகை போதும். அளந்த பிறகு பலகையைத் தலைமாற்றி வைத்து மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத்தில் பாதி கருவியின் பிழை.

தண்ணீர் விட்டு அளப்பதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சரிவை மாற்றி மாற்றி, கடைசியில் வாளி நிறையும் நேரத்தை எடுப்பார்கள். எல்லாம் ஒரே எண்ணாக வரும். தண்ணீர் விடும் குழாயிலிருந்து வரும் அளவு மாறாதபோது கால்வாயிலிருந்து வெளியே போகும் அளவும் மாறாது. மாறுவது ஆழமும் வேகமும்தான். நடுவில் அளவுகோலை நிறுத்தி ஆழத்தையும், 2 மீட்டரை ஒரு தெர்மகோல் துணுக்கு கடக்கும் நேரத்தையும் குறியுங்கள். சரிவு குறைந்தால் ஆழம் கூடி, துணுக்கு மெதுவாகப் போகும்.

கால்வாயை வளைவின் மேல் ஏற்ற வேண்டாம். ஒழுகும் தண்ணீரில் பிளாஸ்டர் ஊறி வலுவிழக்கும், அளந்த எடைக் கணக்கும் கெட்டுவிடும். இரண்டையும் தனித்தனி மேசையில் காட்டுங்கள். விளக்கப் பலகையில், ரோமானியக் கால்வாய்களின் பெரும்பகுதி நிலத்தடியில்தான் ஓடியது, வளைவுகள் பள்ளத்தாக்கைக் கடக்கும் இடங்களில்தான் வந்தன என்பதையும் எழுதுங்கள்.

வேலைப் பிரிவு: இருவர் வார்ப்பு, ஒருவர் சென்டரிங், ஒருவர் கால்வாயும் மட்டமும், ஒருவர் பதிவேடு. பதிவேட்டுக்காரர் வேறு வேலை செய்யக் கூடாது. பிளாஸ்டர் ஒட்டிய கையால் எழுதிய எண்களைப் பிறகு யாராலும் படிக்க முடியாது. கற்களின் பின்பக்கம் இடமிருந்து வலமாக 1 முதல் 9 வரை எண் போட்டு, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். உபரிக் கல்லை மறக்க வேண்டாம்.