மாலகாவுக்கு முதல் பயணம்: பிக்காசோ, மத்தி மீன், மத்தியதரைக் கடல்

ஸ்பெயின் என்றதும் எல்லோருக்கும் முதலில் மாட்ரிடும் பார்சிலோனாவும்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மாலகா. நாட்டின் தென்கோடியில், ஆண்டலூசியாவின் கடற்கரையில் இருக்கும் ஊர். ஓவியர் பிக்காசோ பிறந்த வீடு, அராபியர் கட்டிய கோட்டை, மீன் சந்தை, துறைமுகம், கடற்கரை எல்லாம் நடந்தே போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. மூன்று அல்லது நான்கு நாள் போதும். ஆனால் ஒன்று: அந்த ஊரின் வெயிலையும் சாப்பாட்டு நேரத்தையும் அனுசரித்துத் திட்டம் போட்டால்தான் ஊர் பிடிபடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை வைத்துத்தான்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர். இந்த நான்கில் ஒன்று. ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலோடு கூட்டமும் சேரும். ஆகஸ்ட் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் ஊர்த் திருவிழா நடக்கும். 1487-இல் 'கத்தோலிக்க அரசர்கள்' எனப்படும் இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து மாலகாவைக் கைப்பற்றி நுழைந்ததன் நினைவாக நடப்பது. தெருவெல்லாம் ஆட்டம் பாட்டம், அறை வாடகை எகிறிவிடும்.

கோடையில் 'தெரால்' என்ற ஒரு காற்றும் உண்டு. கடலிலிருந்து வராமல், வடக்கே மலைகளைத் தாண்டி உள்நாட்டிலிருந்து இறங்கும் வறண்ட அனல் காற்று. அது வீசும் நாளில் ஊர்க்காரர்களே ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

என் தேர்வு ஜூன். காரணம் மத்தி மீன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 2: விசாவும் விமானமும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கும்படியான முன்பதிவே செய்யுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா அல்லது ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாற வேண்டும். மாட்ரிடில் இறங்கினால் அங்கிருந்து அதிவேக ரயிலில் மாலகாவுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

படி 3: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

டாக்ஸி தேவையில்லை. விமான நிலையத்தை ஒட்டியே சி1 உள்ளூர் ரயில் நிற்கும். ஒரு ரயில் மாலகாவுக்கு, மற்றது எதிர்த்திசையில் ஃபுவென்ஹிரோலா என்ற ஊருக்கு. நடைமேடைப் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள். சுமார் 12 நிமிடத்தில் கடைசி நிறுத்தமான செந்த்ரோ அலமேதா வந்துவிடும். வெளியே வந்தால் பழைய நகரம் சில நிமிட நடை.

தங்குவதற்குப் பழைய நகரமே நல்லது. ஆனால் இரவு ஒரு மணிக்கும் தெருவில் பேச்சும் சிரிப்பும் ஓயாது. லேசான தூக்கக்காரர் என்றால், தெருப் பக்கம் வேண்டாம், உள்முற்றம் பார்த்த அறை கொடுங்கள் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள்.

படி 4: நாளை வெயிலுக்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளுங்கள்

மதியச் சாப்பாடு அங்கே 2 மணிக்குத் தொடங்கி 4 மணி வரை. இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். நடுவில் நிறைய உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். முதல்முறை போனபோது மாலை ஐந்து மணிக்குப் பசியோடு ஊருக்குள் இறங்கி, மூன்று தெரு சுற்றியும் சூடான சாப்பாடு கிடைக்கவில்லை. கடைசியில் ரொட்டியும் ஆலிவும் சாப்பிட்டுப் படுத்தேன். அதனால்தான் இதைத் தனிப் படியாகவே வைக்கிறேன்.

காலை 8 மணிக்குக் காப்பி. 9 மணிக்குச் சந்தை. வெயில் ஏறும் 11 முதல் 2 வரை அருங்காட்சியகம், உள்ளே குளுகுளு என்று இருக்கும். 2 மணிக்கு வயிறார மதியச் சாப்பாடு. வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று எழுதியிருந்தால் அது அன்றைய அளவுச் சாப்பாடு: இரண்டு வகை, கூடவே பெரும்பாலும் ரொட்டி, ஒரு பானம், கடைசியில் ஒரு இனிப்பு, எல்லாம் ஒரே விலையில். அப்புறம் தூக்கம். ஆறு மணிக்கு மேல் கோட்டை அல்லது கடல். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் எதுவும் கைநழுவாது.

படி 5: பிக்காசோவை வரிசையாகப் பாருங்கள்

பலர் நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் பிளாசா தெ லா மெர்செத் என்ற சதுக்கத்துக்குப் போங்கள். அதன் ஓரத்து வீடொன்றில்தான் 1881 அக்டோபர் 25-இல் பிக்காசோ பிறந்தார். இன்று அது சிறிய அருங்காட்சியகம். அவருடைய ஞானஸ்நான உடையை அங்கே பார்க்கலாம். அப்பா ஹோசே ரூயிஸ் பிளாஸ்கோ ஓவிய ஆசிரியர், புறாக்களை வரைவதில் பேர் பெற்றவர்.

வெளியே வந்து சதுக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். ஒரு பெஞ்சில் வெண்கல பிக்காசோவும் உட்கார்ந்திருப்பார். தரையில் புறாக்கள் மேய்ந்துகொண்டிருக்கும். அப்பா வரைந்த புறா, பையன் ஓடித் துரத்திய புறா எல்லாம் இந்த மண்ணில்தான். குடும்பம் 1891-இல் வடக்கே லா கொருன்யாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆனால் 1949-இல் பாரிஸ் அமைதி மாநாட்டுச் சுவரொட்டிக்கு அவர் படம் கொடுத்தபோது அதில் இருந்தது புறா. அதே ஆண்டு ஏப்ரலில் பிறந்த மகளுக்கு வைத்த பெயர் பலோமா. ஸ்பானிய மொழியில் புறா. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடங்கள்.

பிக்காசோ அருங்காட்சியகம் அங்கிருந்து ஐந்து நிமிட நடை. 16-ஆம் நூற்றாண்டு அரண்மனை ஒன்றில் 2003-இல் திறந்தார்கள். அவருடைய மருமகளும் பேரனும் கொடுத்த படைப்புகள்தான் அடிப்படை. நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் எடுத்துவிடுங்கள். ஞாயிறு கடைசி இரண்டு மணி நேரம் இலவசம், ஆனால் வரிசை நீளும்.

'இதெல்லாம் எனக்குப் புரியாது' என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி: பின்னாளில் மனைவியான ஓல்காவை 1917-இல் முக்காட்டோடு வரைந்த படம் தொங்கினால் அதன் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். யாருக்கும் புரியும் சாதாரண உருவப்படம் அது. முகத்தை இப்படி உள்ளது உள்ளபடி வரையத் தெரிந்தவர்தான் பிறகு கண்ணையும் மூக்கையும் இடம் மாற்றினார் என்று தெரிந்தால், அடுத்த அறைகள் உங்களை மிரட்டாது. நிலவறைக்கும் இறங்குங்கள். அரண்மனையைப் புதுப்பிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட, பழங்காலக் கடல் வணிகர்களான ஃபினீஷியர் காலத்து மதில் அங்கே இருக்கிறது.

மற்றவை உங்கள் நேரத்தைப் பொறுத்து. துறைமுகத்தில் வண்ணக் கண்ணாடிக் கனசதுரமாக நிற்பது பொம்பிது மையம், பாரிஸின் நவீன ஓவிய அருங்காட்சியகத்தின் கிளை, 2015-இல் திறந்தது. பிரான்ஸுக்கு வெளியே அதற்கு இதுதான் முதல் கிளை. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அதைவிட எனக்குப் பிடித்தது கார்மென் திஸ்ஸன் அருங்காட்சியகம். 19-ஆம் நூற்றாண்டு ஆண்டலூசியாவின் தெரு, திருவிழா, கடற்கரை எல்லாம் அங்கே ஓவியமாக இருக்கும்.

படி 6: காப்பி கேட்கப் பழகுங்கள், பிறகு சாப்பாடு

மாலகாவில் 'ஒரு காப்பி' என்று மட்டும் சொன்னால் போதாது. டிகாக்ஷன் எவ்வளவு, பால் எவ்வளவு என்பதற்குத் தனித்தனிப் பெயர். 'சோலோ' என்றால் பாலே இல்லை. 'மித்தாத்' பாதிக்குப் பாதி. 'சோம்ப்ரா' என்றால் நிழல்: பாலின் மேல் காப்பியின் நிழல் விழுந்த மாதிரி. 'நூபே' என்றால் மேகம்: முழுக்கப் பால், நிறத்துக்கு மட்டும் காப்பி. ஸ்ட்ராங், லைட் என்று சொல்லியே வளர்ந்த நமக்கு இது இரண்டே நாளில் பழகிவிடும். கண்ணாடி டம்ளரில்தான் பெரும்பாலும் வரும்.

அடுத்து அத்தாரசானாஸ் சந்தை. பெயருக்கு அரபு மொழியில் கப்பல் கட்டும் தளம் என்று பொருள். ஒரு காலத்தில் கடல் இதன் வாசல் வரை வந்தது. 14-ஆம் நூற்றாண்டுக் கல்வாசல் இன்றும் நிற்கிறது, உள்ளே இரும்புக் கூரை 19-ஆம் நூற்றாண்டினது, பெரிய வண்ணக் கண்ணாடியும் உண்டு. ஞாயிறு திறக்காது, மதியத்தோடு மூடிவிடும். மீன் பகுதியில் நெத்திலி வெள்ளியாகக் குவிந்திருக்கும். 'பொகெரோன்' என்பார்கள். மாலகாக்காரர்களுக்கே அதுதான் பட்டப்பெயர். மாவில் புரட்டிப் பொரித்துத் தருவதை அங்கேயே நின்று சாப்பிடலாம்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், ஆனால் கவனம் வேண்டும். 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் சாலட்டில் சூரை மீனோ பன்றித் துண்டோ வரலாம். 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தைரியமாகக் கேட்க வேண்டியது 'பெரென்ஹேனாஸ் கோன் மியெல் தெ கான்யா'. கத்தரிக்காயை மெல்லிசாகச் சீவிப் பொரித்து, மேலே கறுத்த கரும்புப் பாகு ஊற்றியது. கத்தரிக்காய்க்குப் பாகா என்று தயங்குவீர்கள், முதல் வாயிலேயே தெளிந்துவிடும். வெயிலுக்கு 'அஹோபிளாங்கோ': பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த வெள்ளை சூப், மேலே திராட்சை மிதக்கும்.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். 'அகுவா தெல் கிரிஃபோ' என்று கேளுங்கள்.

படி 7: ஒரு மாலை கோட்டைக்கு

அல்கசாபா கோட்டை 11-ஆம் நூற்றாண்டினது. அடிவாரத்தில் ரோமானிய அரங்கம், அதைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அல்கசாபாவுக்கும் மேலே குன்றில் உள்ள ஹிப்ரல்ஃபாரோ கோட்டைக்கும் சேர்த்து ஒரே சீட்டு எடுக்கலாம், ஞாயிறு 2 மணிக்கு மேல் இலவசம். மேலே ஏறுவது நல்ல செங்குத்து. முட்டி வலிக்காரர்கள் 35-ஆம் எண் பேருந்தில் மேலே போய், இறங்கும்போது மட்டும் நடக்கலாம். மேலிருந்து பார்த்தால் ஊரின் பெரிய தேவாலயத்துக்கு ஒரு கோபுரம்தான் முழுசாக இருக்கும். மற்றதைக் கட்டி முடிக்கவே இல்லை. ஊரார் அதைச் செல்லமாக 'லா மன்கீத்தா', ஒற்றைக் கைக்காரி, என்கிறார்கள்.

படி 8: கடலும் மத்தியும்

ஊருக்குப் பக்கத்துக் கடற்கரை மலகெத்தா. பழைய நகரிலிருந்து கால் மணி நேர நடை. மணல் சாம்பல் நிறம். தண்ணீரில் கால் வைத்ததும் திடுக்கிடுவீர்கள், ஜூனிலும் சில்லென்று இருக்கும். ஜிப்ரால்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் தண்ணீர் நேரே இந்தப் பக்கம்தான் வருகிறது. காலை பத்துக்கு முன், மாலை ஆறுக்குப் பின் குளியுங்கள். பணப்பையைக் கரையில் விட்டுவிட்டு இரண்டு பேருமாகத் தண்ணீருக்குள் போகாதீர்கள்.

ஆனால் சாப்பாட்டுக்கு அங்கே நிற்க வேண்டாம். 11-ஆம் எண் பேருந்தில் கிழக்கே பெத்ரெகலேஹோ, எல் பாலோ பக்கம் போங்கள். பழைய மீனவர் குடியிருப்புகள். தாழ்வான வீடுகள், சின்னச் சின்ன வளைகுடாக்கள், மணலில் வரிசையாக உணவகங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பழைய படகு, அதில் மணல் நிரப்பி, மேலே ஆலிவ் விறகு எரியும்.

இங்கே கேட்க வேண்டியது 'எஸ்பெத்தோ'. நம் மத்தி, சாளைதான். ஐந்தாறு மீனை ஒரே நாணல் குச்சியில் கோப்பார்கள். குச்சி முள்ளுக்குக் கீழே நுழைந்து போக வேண்டும், அப்போதுதான் முள் தாங்கும், வெந்த மீன் பிய்ந்து விழாது. கல்லுப்பைத் தூவி, குச்சியை நெருப்புக்குப் பக்கத்தில் மணலில் சாய்த்து நடுவார்கள். தீ நாக்கு மீனைத் தொடாது, தணலின் சூடுதான் வேக வைக்கும். தோல் உப்பிப் பொன்னிறமாகி, கொழுப்பு சொட்டுச் சொட்டாக மணலில் விழும். மசாலா கிடையாது, எண்ணெய் கிடையாது.

பெயரில் 'ர' இல்லாத மாதங்களில்தான் மத்தி ருசி என்பது ஊர் வழக்கு. ஸ்பானிய மொழியில் மாயோ, ஹூனியோ, ஹூலியோ, அகோஸ்தோ. அப்போதுதான் மீனில் கொழுப்பு ஏறியிருக்கும். நான் ஜூன் என்றது இதனால்தான்.

கத்தி, முள்கரண்டி வேண்டாம். 1884 டிசம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்த அரசர் பன்னிரண்டாம் அல்ஃபோன்ஸோ, எஸ்பெத்தோவைக் கரண்டியால் தொட, 'கையால் சாப்பிடுங்கள்' என்று சுட்டுக் கொடுத்தவரே சொன்னதாக அங்கே ஒரு கதை உண்டு. தலையையும் வாலையும் பிடித்துக்கொண்டு, தோலோடு சதையைப் பல்லால் இழுத்தால் முள் அப்படியே தனியாக நிற்கும். ஒரு குச்சி முதலில் சொல்லுங்கள், சூடு ஆறும் முன் முடித்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். உட்காரும்போது புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கத்தில் மேஜை கேளுங்கள்.