முனை கீழே இருந்தால் சாத்தானா?

சமூக மன்றத்தில் குறியீடுகளைப் பற்றிச் சின்ன வகுப்பு ஒன்று எடுக்கிறேன். போன வாரம் டாரட் சீட்டில் குறி பார்க்கப் பழகும் ஒரு தம்பி, பக்கத்திலிருந்த பெண்ணின் டீசட்டையிலிருந்த ஐமுனை நட்சத்திரத்தைக் காட்டி, "அக்கா, முனை கீழே இருக்கு, இது சாத்தான்" என்றான். இருபது வருடங்களுக்கு முன் நான் பேசிய அதே வசனம். நட்சத்திரக் குறிகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இவை.

முனை கீழே என்றால் கெட்டது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அப்போது இரண்டே புத்தகம் படித்திருந்தேன். அத்தையின் ஐமுனை நட்சத்திரப் பதக்கத்தில் கொக்கி வைத்த விதத்தால் ஒற்றை முனை கீழே தொங்கும். "இது ஆகாது அத்தை" என்றேன். மறுநாளே சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் கொடுத்து உருக்கிவிட்டார். செய்கூலியும் போச்சு, எடையும் குறைந்தது. அது அவருடைய அம்மா போட்டிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது.

பித்தாகரஸ் வழிவந்தவர்களுக்கு இந்த நட்சத்திரம் உடல்நலத்தின் சின்னம். ஜெர்மானிய மறைஞான எழுத்தாளர் அக்ரிப்பாவின் 1533ஆம் ஆண்டு நூலில் கைகால் விரித்த மனிதன் இதற்குள் நிற்கிறான். பிரான்சில் அமியான் பேராலயத்தின் வடக்கு வட்டச் சாளரத்தில் தலைகீழாகவே இருக்கிறது. அங்கே யாரும் சாத்தானைக் கும்பிடவில்லை. மேலே பார்த்தால் நல்லது, கீழே பார்த்தால் கெட்டது என்ற கணக்கைப் பரப்பியவர் பிரெஞ்சு மறைஞான எழுத்தாளர் எலிஃபாஸ் லெவி, அதுவும் 1850களில். 1897இல் இன்னொரு பிரெஞ்சு மறைஞானி ஸ்தானிஸ்லாஸ் தெ குவைத்தா தன் நூலில் அதற்குள் ஆட்டுத்தலையைப் போட்டார். 1966இல் ஆன்டன் லாவே தொடங்கிய சாத்தான் சபை அந்த ஆட்டுத்தலையை எடுத்துக்கொண்டது. விக்கா என்ற நவீன சூனியக்கார மத மரபிலோ தலைகீழ் நட்சத்திரம் இரண்டாம் நிலைத் தீட்சையின் அடையாளம்.

நூற்றெழுபது வருடத்துக் கதையை நம்பி ஒரு பாட்டியின் நகையை உருக்க வைத்தேன்.

ஐந்தையும் ஆறையும் குழப்புவது

முனைகளை எண்ணுங்கள். ஆனால் சாலமன் ராஜாவின் பெயரில் வழங்கும் பழைய மந்திரச் சின்னமான சாலமன் முத்திரை ஐந்திலும் வரும், ஆறிலும் வரும்.

ஆறு முனை என்றால் யூதர் மட்டும்

செலிகி பக்கம் டேவிட் எலியாஸ் கட்டடத்தில் இருப்பது தாவீதின் நட்சத்திரம் என்ற யூதச் சின்னம், சரி. ஆனால் தைப்பூசத்தில் காவடிக் குழுவின் சட்டையில் பார்ப்பது முருகனின் அறுகோணம், அதுவும் ஆறுமுனை நட்சத்திரம்தான். சரவணபவ என்ற ஆறெழுத்துக்கு உரியது. மேல்நோக்கிய முக்கோணம் சிவம், கீழ்நோக்கியது சக்தி. இங்கே கீழ் முனையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை, கவனித்தீர்களா?

நம் சிங்கப்பூர்க் கொடியின் ஐந்து நட்சத்திரங்களில் ரகசியம் தேடுவது

ஜனநாயகம், அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள்.