கார்ப்பெட் கழுவ எவ்வளவு கேட்பது?

முதலில் ஒரு நாள் செலவைக் கூட்டுங்கள். உதாரணமாக, இரண்டு ஆள் கூலி 1,800, பெட்ரோல் 300, ஷாம்பு 250, மெஷின் தேய்மானம் 150. மொத்தம் 2,500 ரூபாய். நாளுக்கு 400 சதுர அடி முடிந்தால் அடக்கமே அடிக்கு 6.25. வேலையில்லாத நாட்களையும் நீங்கள் கேட்கும் விலைதான் தாங்க வேண்டும், அதனால் சதுர அடிக்கு 10 ரூபாய்க்குக் கீழே இறங்காதீர்கள்.

பலர் சறுக்குவது சின்ன வேலையில்தான். 5-க்கு 7 அடி விரிப்பு 35 சதுர அடி. 350 ரூபாய்க்குப் போனால் பெட்ரோலுக்கே சரி. குறைந்தபட்சக் கட்டணம் 1,000 என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

நாய் மூத்திரம், மஞ்சள் கறைக்குத் தனி விலை; முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். கம்பளி விரிப்பா? ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை ஒற்றி, சாயம் ஓடவில்லை என்று தெரிந்தபின் விலை பேசுங்கள். அளவை நீங்களே டேப் பிடித்து எடுங்கள்.