முதல் ஏர் ரைபிள் வாங்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

ரைபிள் ஷூட்டிங் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்தத் துப்பாக்கிக்கு வேகம் அதிகம்?" என்றுதான். 10 மீட்டர் போட்டிக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. ஒலிம்பிக்கில் சுடும் ஏர் ரைபிளிலிருந்து பெல்லட் (சிறிய ஈயக் குண்டு) வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் துப்பாக்கிகளில் பல இதைவிட வேகமானவை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் எடுத்ததும் இந்த மெதுவான ரைபிள் வகையில்தான். பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, அது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை.

1. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் குழலின் துளை 4.5 மி.மீ.க்கு மிகாமலும், ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். பிள்ளைக்காக என்றால் பெற்றோர் பெயரில் வாங்குங்கள். உரிமம் இல்லை என்பதற்காக அது பொம்மை ஆகிவிடாது: கண்ணைப் பறிக்கும், பறவையைக் கொல்லும். குருவி, புறா சுடலாம் என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

2. எந்தக் கண் என்று பாருங்கள்

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்னதாக ஓர் இடைவெளி விடுங்கள். அதன் வழியே எதிர்ச் சுவரில் இருக்கும் சுவிட்சை இரண்டு கண்ணாலும் பாருங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். சுவிட்ச் அங்கேயே தெரிந்தால் உங்கள் ஆதிக்கக் கண் வலது, மறைந்துவிட்டால் இடது. வலக்கைக்காரருக்கு இடது கண் ஆதிக்கமாக இருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் எந்தத் தோளில் வைத்துச் சுடுவது என்பதைக் கோச்சிடம் பேசி முடிவுசெய்துவிட்டு வாங்குங்கள். வலக்கைக்கான ஸ்டாக்கை (குழலைத் தாங்கும், தோளில் வைக்கும் கட்டை) வாங்கிவிட்டு அப்புறம் மாற்றுவது வீண் செலவு.

3. முதலில் ஜாக்கெட், அப்புறம் ரைபிள்

கிளப்பிலோ பயிற்சி மையத்திலோ அவர்களுடைய ரைபிளிலேயே சில மாதம் சுடுங்கள். ரைபிளை இரவல் வாங்கலாம். ஷூட்டிங் ஜாக்கெட் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைப்பது, அடுத்தவருடையது சரியாக உட்காராது. அதனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் ஜாக்கெட்டுக்குப் போடுங்கள். தடித்த கான்வாஸ் ஜாக்கெட்டைப் போட்டதும் தோளிலிருந்து ட்ரிகர் (விசை) வரைக்குமான தூரம் மாறிவிடும். ஜாக்கெட் இல்லாமல் பொருத்தம் பார்த்து வாங்கிய ரைபிள், அதைப் போட்டதும் நீளமாகிப்போகும்.

4. இயங்கும் விதம்

ஸ்பிரிங் துப்பாக்கி மலிவு. ஆனால் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து துப்பாக்கியை அசைத்துவிடும். குண்டு விலகினால் தவறு உங்களுடையதா, துப்பாக்கியுடையதா என்று பிரித்தறியப் புதியவரால் முடியாது. இன்னொரு குறையும் உண்டு: பெல்லட் போடாமல் இதைச் சுடக் கூடாது, பிஸ்டன் அடிபடும். ஷூட்டிங் கற்பதில் பாதி வேலை வீட்டில், வெறும் சுவரைப் பார்த்து, பெல்லட் இல்லாமல் ட்ரிகர் இழுத்துப் பழகுவதுதான். அந்த டிரை ஃபயரிங் வசதி இல்லாத ரைபிளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அழுத்தக் காற்றுச் சிலிண்டர் பொருத்திய மேட்ச் ரைபிளில் (போட்டிக்கான ரைபிள்) அதிர்வு இருப்பதே தெரியாது. ட்ரிகர் மென்மை, டிரை ஃபயரிங் எல்லாம் உண்டு. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ் ஆகிய நிறுவனங்களின் பெயர்களை ரேஞ்சில் (சுடும் களத்தில்) அடிக்கடி கேட்பீர்கள். ஹேமர்லி ஏஆர்20 போன்றவை தொடக்கநிலைக்காகவே செய்யப்பட்டவை. பீப் சைட் (சிறு துளை வழியே குறிபார்க்கும் அமைப்பு) இருக்கட்டும். காற்று எங்கே நிரப்புவது என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவையுங்கள்.

5. பொருத்தம்

இங்கே அவசரப்படாதீர்கள். ஜாக்கெட்டைப் போட்டு, இலக்கைப் பார்த்து நின்று, ரைபிளைத் தோளில் வையுங்கள். கண்ணை மூடுங்கள். கன்னத்தைச் சீக் பீஸ் (ஸ்டாக்கில் கன்னம் பதியும் பகுதி) மேல் இயல்பாகச் சாயவிட்டு மூச்சை ஒரு முறை இழுத்து விடுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால், பின்சைட்டின் துளைக்குள் முன்சைட்டின் வளையம் நடுவில் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டவோ தலையைச் சாய்க்கவோ வேண்டியிருந்தால் சீக் பீஸ், பட் பிளேட் (தோளில் பதியும் பின்முனைத் தகடு) இரண்டின் உயரத்தையும் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் சரிவரவில்லையா, அந்த ரைபிள் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்து இடது முழங்கை (இடது தோளில் வைத்துச் சுடுபவருக்கு வலது). அது இடுப்பெலும்பின் மேல் ஊன்ற, ரைபிளை எலும்பு தாங்க வேண்டும். தசை தாங்கினால் பத்தாவது ஷாட்டிலேயே கை நடுங்கத் தொடங்கும். போட்டியில் 60 ஷாட், 75 நிமிடம். விதிப்படி 5.5 கிலோ வரை அனுமதி உண்டு என்பதற்காக எடை மிகுந்ததைத் தேடாதீர்கள். 12 வயதுப் பிள்ளைக்கு 4 கிலோவே அதிகம். வளரும் பிள்ளை என்றால் பட் பிளேட்டை நீட்ட எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

6. பழையது வாங்கினால்

இறக்குமதி மேட்ச் ரைபிள் புதிதாக ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதால் பலர் பழையதைத்தான் வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். பன்னாட்டு விதிப்படி அதற்கு அதிகபட்சம் 10 ஆண்டுதான் ஆயுள். சிலிண்டரை நிரப்பி இரவு முழுக்க வைத்து, காலையில் காற்றழுத்த மீட்டர் இறங்கியிருக்கிறதா என்று சோதியுங்கள். அப்புறம் மேசைமேல் ஊன்றி, 10 மீட்டரில் ஐந்து குண்டு சுடுங்கள். இலக்கின் நடுவிலுள்ள, பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் 0.5 மி.மீ. அகலம், பெல்லட்டோ 4.5 மி.மீ. ஐந்தும் சேர்ந்து ஒரே கிழிசலாக, 8 மி.மீ.க்குள் விழ வேண்டும்.

பரந்து விழுந்தால் உடனே ரைபிளை ஒதுக்காதீர்கள். வேறு பெல்லட்டில் சுட்டுப் பாருங்கள். ஆர்டபிள்யூஎஸ், எச்&என் போன்ற நிறுவனங்களின் தட்டைத் தலை பெல்லட்டாக இரண்டு மூன்று வகை போதும். எல்லா வகையிலும் பரந்தால்தான் குழலைச் சந்தேகிக்க வேண்டும். பெல்லட் ஈயத்தால் ஆனது, சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

வாங்கியாயிற்றா? கோச்சை வைத்துக்கொண்டு பட் பிளேட், சீக் பீஸ், சைட் அளவுகளைச் சரிசெய்து, அந்த எண்களைக் குறித்து ரைபிள் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். யாராவது திருகிவிட்டாலும் பழைய நிலைக்கு உடனே திரும்பிவிடலாம்.